பின்பாட்டு முத்தாள்

முத்தாளுக்குப் பொறாமை வந்த இடமும் வேளையும் கீரனூரில் பாதிப்பேருக்குத் தெரியும். அவர்கள் கண்ணெதிரில்தான் வந்தது. ஐம்பத்தொன்பதாம் வருடம் தை மாதம், அவளுடைய அண்ணன் செல்லமுத்து கல்யாணம் முடித்து, பெண்ணோடு வீட்டு வாசலில் வந்து இறங்கிய வேளை அது.

அப்போது முத்தாளுக்குப் பதினாலு வயது. ஐந்தாம் வகுப்பை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, அதற்குமேல் வாத்தியார்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நின்றுகொண்டவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் வாய் மட்டும் எட்டூருக்குக் காணும். புதுப்பெண் வீட்டுக்குள் நுழையுமுன் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் வாசலை மறித்துக்கொண்டு, பெண்ணை ஏசிப் பாட்டுக் கட்டிப் பாடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பெண்ணோடு வந்த பெண்கள் பதில் ஏசல் பாடி வழி வாங்க வேண்டும். இந்த வேலையில் முத்தாளை மிஞ்ச ஆளில்லை. தங்கச்சி இல்லாத மாப்பிள்ளைகள் அவளை ஒரு நாளைக்குத் தங்கச்சியாக அழைத்துப் போவார்கள். இப்படி அவளுக்குச் சுத்துப்பட்டில் ஏகப்பட்ட அண்ணன்கள். சொந்த அண்ணன் கல்யாணம் என்றால் விடுவாளா? ஒரு மாதமாகப் பாட்டுக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

பெண் ஆவுடையார்கோவில் பக்கம். பெயர் ஆவுடையாள். அண்ணனைவிட நாலு விரல் உயரம். இது போதாதா? முத்தாள் இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு எடுத்துவிட்டாள்.

“ஆவுடையார் கோயிலிலே ஆளுயரத் தூணிருக்கு
தூணுக்குச் சேலைகட்டித் தூக்கிவந்தார் எங்கண்ணன்.”

தெருவே கொல்லென்று சிரித்தது. பதில் பாட வேண்டிய பெண்வீட்டுப் பெண்கள் யாரும் அங்கே இல்லை. அவர்கள் வந்த பஸ் அறந்தாங்கி தாண்டி டயர் வெடித்து நின்றுவிட்டது. பதில் வராவிட்டால் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வர முடியும். முத்தாள் ஒரு காலை ஒயிலாக மடக்கி நின்றாள்.

வழக்கப்படி தலையைக் கவிழ்த்து நிற்க வேண்டிய கல்யாணப்பெண் அப்போது மெல்லத் தலையை நிமிர்த்தினாள். அதுவே தப்பு. நிமிர்ந்ததோடு வாயையும் திறந்தாள்.

“தூணாத்தான் வந்திருக்கேன் தொட்டுப்பாரு நாத்தனாரே
ஆணியடிச்சாச் சரியுஞ்சுவர் ஆரு வந்து தாங்குறது?”

அவ்வளவுதான். முதல் பாட்டுக்கு விழுந்த சிரிப்பு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. ஆலாத்தி எடுக்க நின்ற ஆத்தா காத்தாயிகூடச் சிரித்துச் சிரித்துத் தட்டிலிருந்த செந்தண்ணீரைப் பாதி கீழே சிந்திவிட்டாள். அண்ணனும் சிரித்தான். அதுவரைக்கும் முத்தாள் பாட்டுக்கு மட்டுமே சிரித்த அண்ணன். ஒரு மாதமாகக் கட்டி வைத்த பாட்டில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. கையை நிலையிலிருந்து எடுத்தாள். தூண் குனிந்து உள்ளே நுழைந்தது.

அன்றைக்குப் பற்றியது அடுத்த ஐந்தாறு வருடத்துக்கு அணையவில்லை.

செல்லமுத்து கீரனூர் கடைத்தெருவில் மைக்செட் வைத்திருந்தான். ஓய்ந்த நேரத்தில் டோலக் தட்டுவான். வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் மரியசெல்வம் அவனுக்கு உயிர்த்தோழன். இரண்டு பேரும் சாயங்காலமானால் கடையில் உட்கார்ந்து சினிமா மெட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆவுடையாள் வந்து சேர்ந்த பிறகு சினிமா மெட்டு போன இடம் தெரியவில்லை. அவள் அடுப்பு ஊதும்போது ஒரு பாட்டுக் கட்டுவாள். அதைச் செல்லமுத்து டோலக்கில் பிடிப்பான், மரியசெல்வம் நல்ல துள்ளலாக ஒரு நடையைப் போட்டுக்கொடுப்பான். ரெங்கசாமி என்று ஒருவன், பித்தானை அழுத்தித் தந்தியை மீட்டும் புல்புல்தாராவோடு வந்து ஒட்டிக்கொண்டான். ஊர்ப்பாட்டுத்தான், ஆனால் கேட்டால் கால் தானாக ஆடும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சுவிரட்டு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முத்தாளுக்குப் பின்பாட்டு. மதினி ஆவுடையாள் ஒரு வரி பாடினால் இவள் “ஆமாமா, அப்படித்தான்” என்று இழுக்க வேண்டும். மைக் ஒன்றுதான். அதன் முன்னால் மதினி. முத்தாள் குரல் கனமான குரல், கிட்டே வந்தால் கூம்பு ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று செல்லமுத்து அவளை இரண்டு எட்டுப் பின்னால் நிறுத்திவிட்டான். அங்கிருந்து பார்த்தால் மதினியின் முதுகும் கொண்டைப்பூவும்தான் தெரியும். கூட்டம் தெரியாது. கூட்டத்துக்கு இவளும் தெரிய மாட்டாள். பாட்டு முடிந்தால் மாலை மதினிக்கு. தொண்டை காயக்கூடாதென்று மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால் மதினிக்கு. “ஒனக்குமா வேணும்? நீ ஆமாமான்னுதானே சொன்ன” என்பாள் ஆத்தா. பெற்றவள் கேட்கிற கேள்வியா இது?

முத்தாள் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் மிளகுக்குப் பதில் மிளகாய்ப்பொடியைப் பாலில் கலந்து கொடுத்தாள். மேடையில் உட்கார்ந்திருந்த மதினியின் முந்தானையைப் பெஞ்சுக் காலோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். திருச்சிக்குத் துணி எடுக்கக் கிளம்பியவளை, இதுதான் திருச்சி வண்டி என்று அடித்துச் சொல்லிக் குளத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வெயிலில் நடந்து திரும்பிய ஆவுடையாள், வீட்டுக்குள் நுழையும்போதே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

“திருச்சி போற வண்டியின்னு ஏத்திவிட்டா நாத்தனா
குளத்தூரு கம்மாயில எறங்கி நின்னு பாத்தேனா…”

நாலே நாளில் அது முழுப்பாட்டாகிவிட்டது. கண்டக்டர் விசில் மாதிரி ரெங்கசாமி புல்புல்தாராவில் ஒரு ‘பீ’ போட்டான். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்களே அதைப் பாட ஆரம்பித்தார்கள். மிளகாய்ப் பால் ஒரு பாட்டாயிற்று. முந்தானை முடிச்சு ஒரு பாட்டாயிற்று. முத்தாள் எந்தக் குழியைத் தோண்டினாலும் மதினி அதற்குள் விழுந்து, ஒரு பாட்டோடு எழுந்து வருகிறாள். பிறகு அதே பாட்டுக்கு “ஆமாமா, அப்படித்தான்” போட வேண்டியவளும் முத்தாள்தான். தன்னைப் பற்றிய புகாருக்குத் தானே சாட்சி சொல்வது போல. எரியாதா?

அவளுக்கு மிச்சம் இருந்த ஒரே ஆறுதல், மேடையில் மதினியைக் குத்துவது. ஒவ்வொரு பாட்டையும் மதினி எடுக்க மூச்சு இழுக்கும்போது, இவள் பின்னாலிருந்து மைக்குக்கு எட்டாமல் ஒரு வார்த்தை போடுவாள். தூணை நகத்துங்கப்பா காத்து வரல என்பாள். கொண்டையில பூவா, கூடையா என்பாள். மதினி தடுமாற வேண்டும், பாட்டு குப்புற விழ வேண்டும் என்பது திட்டம். ஆவுடையாளின் தோள் ஒரு குலுக்குக் குலுங்கும். அப்புறம் பாட்டு பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஒரு தடவைகூடத் திட்டம் பலிக்கவில்லை. முத்தாளும் விடவில்லை.

அறுபத்துமூன்றில், திருமயம் பக்கத்தில் கண்ணப்பன் செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் பாடினார்கள். விருந்துக்கு வந்திருந்த பட்டணத்துக்காரர் ஒருவருக்கு இசைத்தட்டுக் கம்பெனியில் பழக்கம். சினிமாவில் வராத பாட்டு, அதுவும் பெண்ணே கட்டிய பாட்டு என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. செட்டியாரும் சிபாரிசு செய்தார். சின்னத் தட்டு, பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டு. சென்னைக்கு வரச்சொல்லிவிட்டார்கள்.

கீரனூரே மைக்செட் கடை வாசலில் வந்து நின்று விசாரித்தது. தட்டில் நடுவில் ஒட்டும் வட்டக் காகிதத்தில் என்ன பெயர் போடுவார்கள் என்று முத்தாள் அண்ணனிடம் கேட்டாள்.

“ஆவுடையாள் குழுவினர்னு போடுவாக.”

“எம்பேரு?”

“குழுவினர்னா அதுல நீயும்தானே புள்ளே.”

“அப்ப ஒன் மைக்செட்டுக்கும் அதான் பேரு, அந்தக் கூம்புக்கும் அதான் பேரு” என்று சொல்லிவிட்டு முத்தாள் எழுந்து போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அதைக் கவனித்துச் சோற்றைப் பிசைந்து கொண்டுவந்தவளும் அந்தப் பாழாய்ப்போன மதினிதான். அதனால் அதையும் சாப்பிடவில்லை.

ரயிலில் ஜன்னலோரம் மதினிக்கு. முத்தாள் எதிரில் ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் முடங்கி உட்கார்ந்து, எந்த நாலு பாட்டு என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். தூண் பாட்டு. மிளகாய்ப் பால். முந்தானை முடிச்சு. குளத்தூர் பஸ். நாலும் இவளுடைய திருகுதாளம். மூளை இவளுடையது, பெயர் அவளுடையது. கூட்டத்தில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக் காலி என்று கண்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கோபத்தில்தான் ஒரு ஏசல் கட்டினாள். கல்யாணமாகி நாலு வருடமாகியும் ஆவுடையாளுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஆத்தாகூட அந்தப் பேச்சு வந்தால் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். முத்தாள் கட்டிய முதல் வரி இது: “தொட்டில்கட்டும் உத்திரமும் தூசிபட்டுக் கெடக்குதடி.” இரண்டாவது வரி இதைவிடக் கொடியது, அதை இங்கே எழுத வேண்டாம். இதற்கு மதினியிடம் பதில் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதற்காகவே கட்டியது. விழுப்புரம் வருவதற்குள் பாட்டு நாக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

சென்னையில் ஒலிப்பதிவுக் கூடம் என்று ஒரு வீட்டைக் காட்டினார்கள். சுவரெல்லாம் கோணி வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. பேசினால் குரல் வாயை விட்டு வெளியே போவதாகவே தெரியவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வெள்ளை வேட்டி கட்டிய பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். வளையலைக் கழற்றச் சொன்னார். மெட்டியில் துணி சுற்றச் சொன்னார். குலவை போடக்கூடாது, மூச்சைச் சத்தமாக விடக்கூடாது, சிவப்பு விளக்கு எரிந்தால் இருமக்கூடாது என்றார். அப்புறம் எல்லோரையும் ஒரு தடவை பாடிக்காட்டச் சொன்னார். முத்தாள் “ஆமாமா” என்று வாயைத் திறந்ததும் அவர் முகம் சுளித்து, மெஷினில் சத்தத்தின் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தார்.

அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குரல் தடிமனாக இருக்கிறதாம், முள் எகிறிக் குதிக்கிறதாம். அவர்களிடமே கோரஸ் பாடும் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், முறையாகச் சங்கீதம் படித்தவர்கள், அவர்கள் பாடட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சட்டையில் ஒரு பித்தான் பொருந்தவில்லை, வேறு தைத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி சொன்னார்.

முத்தாள் அண்ணனைப் பார்த்தாள். அவன் டோலக் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். மரியசெல்வம் ஆர்மோனியத் துருத்தியை ஆராய்ந்தான். கடைசியாக மதினியைப் பார்த்தாள். ஆவுடையாள் உதட்டைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவர் அறையில் ஒரு பெஞ்சில் முத்தாளை உட்கார வைத்தார்கள். உள்ளே பாடுவது அங்கே ஒரு சின்னப் பெட்டி வழியாகக் கேட்டது. பெயர்தான் இல்லை என்றால், இப்போது குரலும் இல்லை. நாளைக்குத் தட்டு வந்து கீரனூரில் பாடும். முத்தாள் எங்கே என்று கேட்டால், அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். தட்டு என்பது அழியாதது. இன்றைக்கு அதில் ஏறாத குரல் என்றைக்கும் ஏறாது. அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. வெள்ளை வேட்டிக்காரர் பக்கத்தில் இருந்ததால் அதை மூக்கு உறிஞ்சலாக மாற்றிக்கொண்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மரியசெல்வம் சுருதி கொடுத்தான். ஆவுடையாள் பஸ் பாட்டை எடுத்தாள்.

பாட்டு கிளம்பவில்லை.

வரி சரிதான், மெட்டும் சரிதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பித்த மாதிரி இருந்தது. கோரஸ் பெண்கள் “ஆமாமா, அப்படித்தான்” என்பதைச் சாமி சன்னதியில் பாடுவதுபோல உருகிப் பாடினார்கள். குளத்தூர் கண்மாயில் ஏமாந்து நின்ற பெண்ணுக்கு இவர்கள் ஏன் தீபாராதனை காட்டுகிறார்கள் என்று முத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது. இந்தத் தடவை மதினி பாதியில் வரியை விட்டுவிட்டாள். அடுத்த தடவை எடுப்பே வரவில்லை. மூச்சை இழுப்பாள், எதையோ எதிர்பார்ப்பதுபோல ஒரு கணம் நிற்பாள், இடம் தவறிப்போகும். மேடையில் எத்தனையோ ஆயிரம் பேர் முன்னால் நின்ற தூண், இங்கே கோணிச் சுவருக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தது.

முத்தாளுக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு பார்த்தாள். விழுடி, நல்லா விழு, என்று மனசுக்குள் தாளம் போட்டாள். வெள்ளை வேட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கோஷ்டி வந்து வாசலில் காத்திருந்தது. கொஞ்சம் ஓய்வெடுத்து வரச்சொல்லுங்கள், அதற்கப்புறமும் சரியாக வராவிட்டால் இன்னொரு சமயம் பார்க்கலாம் என்றார். இன்னொரு சமயம் என்றால் என்ன அர்த்தம் என்பது ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கும் புரியும்.

ஆவுடையாள் வெளியே வந்து பெஞ்சில் முத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“முத்தா, ஏதாச்சும் சொல்லேன்.”

“என்னத்தச் சொல்ல?”

“எப்பவும் சொல்லுவியே, பின்னால நின்னுக்கிட்டு. தூணு, கூடைன்னு. அது காதுல விழுந்தாத்தான் எனக்கு வாய் தெறக்கும் போலருக்கு. நானே இப்பத்தான் கண்டுக்கிட்டேன்.”

நாலு வருடமாக இவள் போட்ட முள்ளையெல்லாம் அவள் ஏணிப்படி மாதிரி மிதித்து ஏறியிருக்கிறாள்.

“அதான் ரெண்டு பாப்பா குடுத்திருக்காகளே. தேன் மாதிரி கொரலு.”

“தேனோட நான் எப்படிச் சண்ட போட?”

“அவுக என்னைய வேணாம்னப்ப நீ வாயத் தெறந்தியா மதினி?”

ஆவுடையாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

“தெறக்கல. நம்மளத் திருப்பி அனுப்பிருவாகளோன்னு பயந்துட்டேன். அதுமட்டுமில்ல முத்தா. ஒன் கொரலு முன்னால என் கொரலு எடுபடாதுன்னு ஒங்கண்ணன் ஒருநா மரியசெல்வத்துக்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தாக. நான் கேட்டுட்டேன். அதுலருந்து, ஒன்னையப் பின்னால நிறுத்துனா எனக்குக் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்துச்சு.”

இப்படி ஒரு பதிலை முத்தாள் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் தன்னைப் பற்றி அப்படிச் சொன்னானா என்று உள்ளுக்குள் ஒன்று துள்ளியது. அடிப்பாவி, அதுக்காகவா என்று இன்னொன்று பல்லைக் கடித்தது. சும்மா இருந்தாலே போதும், மதினியின் தட்டு இன்றோடு முடிந்தது. வாயைத் திறந்தால் நாக்கு நுனியில் தொட்டில் பாட்டு தயாராக இருக்கிறது. இரண்டில் எதைச் செய்தாலும் ஜெயிப்பு முத்தாளுக்குத்தான்.

வெள்ளை வேட்டிக்காரர் கூப்பிட்டுவிட்டார். ஆவுடையாள் எழுந்து உள்ளே போய் மைக் முன்னால் நின்றாள். முத்தாள் பின்னாலேயே போனாள். உள்ளே வராதே, முள் எகிறும் என்று அவர் கத்தியதால் கதவருகிலேயே நின்றாள். மைக் அந்தக் கோடியில், இவள் இந்தக் கோடியில். இரண்டு கையும் அவளையறியாமல் கதவு நிலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டன. அங்கிருந்து முதல்தடவையாக மதினியின் முதுகு தெரியவில்லை, முகம் தெரிந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த முகம் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வளையல் கழற்றிய இரண்டு கையும் வெறிச்சென்று தொங்கின. என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது. எது வந்தாலும் வாங்கிக்கொள்ளக் கையை ஏந்தி நிற்கிறவள் மாதிரி நின்றாள். முத்தாளுக்குத் தொட்டில் பாட்டின் முதல் எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. அதை விழுங்கினாள். நல்ல பெரிய உருண்டை. மெல்லத்தான் இறங்கியது. அப்புறம் தெருவாசலில் நின்று பாடுகிற குரலில் எடுத்தாள்.

“மெட்ராசு வந்துநின்னு மெரண்டுபோன ஆவுடையா
பட்டணத்து மைக்கப்பாத்துப் பாட்டெல்லாம் மறந்துச்சோ?”

ஆவுடையாளின் தோள் குலுங்கியது. மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை.

“பாட்டெல்லாம் மறக்கலடி பாதியத்தான் காணமின்னு
கூட்டிவரப் போயிருந்தேன் குறும்புக்கார நாத்தனாவ.”

செல்லமுத்துவின் கை டோலக்கில் தானாக விழுந்தது. ரெங்கசாமி விசிலைப் போட்டான். குளத்தூர் பஸ் கிளம்பிவிட்டது. முத்தாள் கதவிலிருந்தபடியே “ஆமாமா, அப்படித்தான்” என்று நக்கலாக இழுத்தாள். கோரஸ் பெண்கள் இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முடிந்ததும் வெள்ளை வேட்டிக்காரர் வெளியே வந்தார். முன்னால் பாடிய அந்த நாலு வரி பாட்டில் கிடையாதே என்று மரியசெல்வத்திடம் கேட்டார். கிடையாதுதான் என்றான் அவன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இருக்கட்டும், விளக்கு எரியும்போதுதான் பாடினார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற மூன்று பாட்டுக்கும் முத்தாள் கதவிலேயே நின்றாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஏசல் போட்டாள்.

வெளியே டீக்கடையில் ஆவுடையாள் தன் கிளாஸை ஆற்றி முத்தாளிடம் நீட்டினாள்.

“முதல்ல வேற ஒண்ணு எடுக்கப் பாத்தியே. அது என்னது?”

“அது சரியா வரல மதினி.”

ஆவுடையாள், பட்டணத்து டீயில் ஏலக்காய் வாசமே இல்லை என்று வேறு பேச்சுக்குப் போனாள்.

தட்டு வந்தது. வட்டக் காகிதத்தில் ‘ஆவுடையாள் குழுவினர்’ என்றுதான் இருந்தது. உறைமேல் போட்ட படத்தில் ஆவுடையாள் முழுசாகச் சிரித்தாள். அவள் தோளுக்குப் பின்னால் முத்தாளின் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன. ஒரு கண்ணாக இருந்தாலும் நல்ல முறைப்பு என்றான் மரியசெல்வம்.

ஆனால் தட்டைப் போட்டால் முதலில் கேட்பது முத்தாள் குரல். அதற்கப்புறம்தான் மற்றவர்கள். சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்டால், கடைக்காரன் நிமிர்ந்து பார்த்து, நீதானா அந்த நாத்தனா என்றான். முத்தாள் ஒரு வாரம் மிதந்தாள்.

எட்டாம் நாள் அவளுக்குத் தட்டில் உள்ள சூது விளங்கியது. இவள் ஏசுகிறாள், மதினி பதில் பாடி ஜெயிக்கிறாள், பாட்டு வந்துவிடுகிறது. மறுபடி போட்டாலும் அதேதான். ஊர் ஊராக, புளியமரத்துக்குப் புளியமரம் கட்டிய கூம்புகளில், தினமும் முத்தாள் தோற்றுக்கொண்டிருந்தாள். நேரில் என்றால் திருப்பி ஒன்று கொடுக்கலாம். தட்டு நிற்காமல் ஓடுகிறதே, எங்கே போய்ப் பதில் சொல்ல?

அடுத்து உள்ளூரில் நடந்த ஒரு கல்யாணத்தில், பஸ் பாட்டு முடிந்து தட்டு கரகரவென்று சுற்றும் இடத்தில், முத்தாள் வாசலில் நின்று சத்தமாகத் தன் பதிலைப் பாடினாள். கூட்டம் சிரித்தது. செல்லமுத்து அடுத்த பாட்டு வராமல் முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அது பழகிவிட்டது. அவள் போகாத ஊர்களிலும் யாரோ ஒரு நாத்தனா, பஸ் பாட்டு ஓய்ந்ததும் எழுந்து ஆவுடையாளுக்குப் பதில் ஏசல் பாட ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வீட்டார் இதற்கென்றே அந்தத் தட்டைக் கேட்டு வாங்கிப் போட்டார்கள். கம்பெனிக்காரர்களுக்கு இந்த விவரம் தெரியாது. நாலு பாட்டு விற்றதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அறுபத்தாறில் முத்தாளை உலகம்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் போன வீட்டில் நாத்தனாரே இல்லை. வாசல் மறிக்க ஆளில்லாமல், விறுவிறுவென்று உள்ளே நடந்துபோனாள். அது அவளுக்கு ஒரு குறைதான். அடுத்த ஆவணியில் பொன்னமராவதியில் புருசன் வகையில் ஒரு கல்யாணம். பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது கூம்பில் தட்டு கிளம்பியது. மெட்ராசு வந்துநின்னு என்று தன் குரலே தலைக்குமேல் கேட்டதும், முத்தாள் பக்கத்துப் பெண்களைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தாள். பஸ் பாட்டு முடிந்தது. எழுந்திருக்கலாம் என்று சேலையைச் சரிசெய்தாள்.

அதற்குள் வாசல்பக்கமிருந்து வேறொருத்தி எடுத்துவிட்டாள். பதினாறு வயது இருக்கும், துடுக்கான முகம், மாப்பிள்ளையின் தங்கச்சி. ஆவுடையாளை நெட்டைக்கொக்கு என்றாள், கொக்குக்குக் குளத்தூர் கண்மாயில்தான் வேலை என்றாள். நல்ல பாட்டுத்தான். பந்தல் அதிர்ந்தது. முத்தாளுக்கு அந்தப் பழைய நெருப்பு குபுகுபுவென்று பற்றியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் போய் அந்தப் பெண்ணின் முன்னால் நின்றாள்.

“யாருத்தா நீ, அவளுக்குப் பதில் சொல்ல?”

“பாட்டுல வர்ற நாத்தனாவுக்காகப் பாடுறேங்க. எல்லா ஊருலயும் பாடுறதுதானே.”

“அந்த நாத்தனா செத்தா போயிட்டா?”

குரலைக் கேட்ட பிறகு பக்கத்தில் யாருக்கோ பொறி தட்டிவிட்டது, தட்டுப் பாட்டுக்காரி வந்திருக்காக என்று கிசுகிசுத்தார்கள். இனிக் கொக்குக்கு மேலே ஒரு ஏசல் இவளும் போடப்போகிறாள் என்று பந்தல் காதைத் தீட்டியது. முத்தாள் தொண்டையைச் செருமினாள். பிறந்ததிலிருந்து அவள் பாடாத பக்கத்தில் நின்று பாடினாள்.

“கொக்கின்னு சொன்னபுள்ள கொஞ்சம் அண்ணாந்து பாத்துக்க
எக்கிநின்னு பாத்தாலும் எங்கமதினி தோளுவரை.”

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அந்தப் பெண்ணும் தோற்றதை ஒத்துக்கொண்டு சிரித்தாள். நீங்க மட்டும் அவுகள அவ்வளவு ஏசுறீங்களே என்று சிணுங்கவும் செய்தாள்.

“நான் ஏசுவேன்” என்றாள் முத்தாள். “நீ ஏசக்கூடாது.”

சொல்லிவிட்டுப் பந்திக்குக்கூட நிற்கவில்லை. புருசனிடம் ஆத்தாளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைப் போட்டுவிட்டு, புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து கீரனூருக்கு வண்டி மாறினாள். மதினியை ஏசி ஒரு வருடமாகிறது. வழியெல்லாம் அதற்குத்தான் பாட்டுக் கட்டிக்கொண்டு போனாள்.